திரும்பக் கேட்கக் கற்றுத்தரும் ஜெர்மன் மாலை வகுப்பு: ஒரு மதிப்புரை

ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில் நான் வசிக்கும் நகரத்தின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில், அதாவது உள்ளாட்சியின் ஆதரவோடு வயது வந்தோருக்காக நடத்தப்படும் கல்வி நிலையத்தில், கடந்த குளிர்காலப் பருவத்தில் ஒரு சிறிய ஜெர்மன் வகுப்பு அறிவிக்கப்பட்டிருந்தது. இலக்கணம், தேர்வுப் பயிற்சி, கடிதம் எழுதுதல் ஆகிய எதுவும் அதன் பாடத்திட்டத்தில் கிடையாது. எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாதபோதும், விழுந்தும் புரியாதபோதும், பாதி மட்டும் புரிந்தபோதும் எப்படித் திரும்பக் கேட்பது என்ற ஒன்றை மட்டுமே பருவம் முழுவதும் பழக்குகிறார்கள். வாரத்தில் ஒரு மாலை, 45 நிமிடப் பாட அலகுகள் இரண்டு, ஏறத்தாழ ஒரு டஜன் மாணவர்கள், தனியார் பள்ளிகள் கேட்பதில் ஒரு சிறு பங்கே ஆகும் கட்டணம் என்று அமைந்த இந்த வகுப்பை நான் முடித்துவிட்டேன். நேருக்கு நேர் நடக்கும் பேச்சைப் பொறுத்தவரை இதைவிடப் பயனுள்ள வகுப்பை நான் ஜெர்மனியில் கண்டதில்லை. தொலைபேசிப் பேச்சில் அது கைவிட்டுவிடுகிறது. இரண்டையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

இப்படி ஒரு தனி வகுப்பு எதற்கு என்று கேட்பவர்கள், இங்கே மொழி கற்பிக்கப்படும் முறையைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்புப் பாடத்திட்டத்தின் பொது வடிவத்தில் மொழிக்கு 600 பாட அலகுகளும், நாட்டைப் பற்றிய அறிமுகத்துக்கு 100 அலகுகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்ட ஐரோப்பிய மொழி அளவுகோலில் மூன்றாம் படியான பி1 நிலையை எட்டுவதே அதன் இலக்கு. ஜெர்மன் மொழியைப் பரப்பும் கோத்தே நிறுவனம் அந்த நிலைக்கு நடத்தும் தேர்வில், கேட்டல் பிரிவின் சில பகுதிகளை ஒருமுறையும் சிலவற்றை இருமுறையும் ஒலிக்கவிடுவார்கள். ஒலிப்பதிவை நிறுத்தி, "மன்னிக்கவும், எத்தனை மணிக்கு என்றீர்கள்?" என்று யாரும் கேட்க முடியாது. ஆகவே மாதக்கணக்கில் தயாராகும் மாணவர், புரியாத இடத்தில் வாய்திறக்காமல் ஊகித்து விடையைக் குறிப்பதில் தேர்ந்துவிடுகிறார். தேர்வறையில் மதிப்பெண் வாங்கித்தரும் அந்தப் பழக்கமே மருத்துவமனை வரவேற்பிலும் வாடகை ஒப்பந்தம் பேசும் இடத்திலும் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. நம்மவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லையும் உண்டு: பெரியவர்களிடமும் அதிகாரிகளிடமும் மறுபடி கேட்பது மரியாதைக் குறைவு என்று பழகிவிட்டதால், எதற்கும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிடுகிறோம். அதிலும் பக்கவாட்டில் அசையும் நம் தலையாட்டலை ஜெர்மானியர்களில் பலர் ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா, இல்லை என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

வகுப்பாசிரியை முதல் மாலையிலேயே இந்தக் கூச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தி 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வை அவர் எடுத்துக்காட்டினார். உலகின் பல பகுதிகளிலிருந்து தெரிந்தெடுத்த 12 மொழிகளில், தாய்மொழியிலேயே உரையாடிக்கொள்பவர்கள்கூடச் சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு வகையில் விளக்கம் கேட்டுக்கொள்கிறார்கள் என்பது அதன் முடிவு. கேட்கும் விதங்களும் மூன்றுதான்: "என்ன?" என்று பொதுவாகக் கேட்பது, "யார்?", "எப்போது?" என்று ஓர் இடத்தைச் சுட்டிக் கேட்பது, "நீங்கள் இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று நாம் புரிந்துகொண்டதை முன்வைத்துச் சரிபார்ப்பது. முடிந்தவரை குறுகலான கேள்வியையே மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. பருவம் முழுவதும் ஆசிரியை பிடித்துக்கொண்டது இந்தக் கடைசிக் கருத்தைத்தான். பொதுவாகக் கேட்டால் சொல்பவர் முழுவதையும் மறுபடி சொல்ல வேண்டும். எங்கே அறுந்தது என்று காட்டிக் கேட்டால் அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் சொன்னால் போதும்.

பொதுவான கேள்விகளை அவர் ஒரே மாலையில் முடித்துவிட்டார். "வீ பிட்டே?", அதாவது "என்ன சொன்னீர்கள்?", என்பதை யாரிடமும் எங்கும் கேட்கலாம். குரலை உயர்த்தி முடிக்கும் "பிட்டே?" அதைவிடச் சுருக்கமானது, மரியாதையில் குறைந்ததன்று. "வாஸ்?", வெறும் "என்ன?", நண்பர்களுக்குள் செல்லும். "ஹே?" என்பதை எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் குழந்தைகள் சொன்னால் பெற்றோர் உடனே திருத்துவார்கள். ஆகவே அதைக் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்களாகச் சொல்ல வேண்டாம் என்பது அவருடைய அறிவுரை. எனக்கு இதில் மாற்றுக்கருத்து இல்லை.

இதற்கு அடுத்த பாடம்தான் என் அன்றாட வாழ்க்கையில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. "இஷ் ஃபெர்ஷ்டேயெ நிஷ்ட்", அதாவது "எனக்குப் புரியவில்லை", என்று ஒரு வெளிநாட்டவர் சொன்னால் நகரங்களில் வாழும் பெரும்பாலான ஜெர்மானியர்கள் என்ன செய்வார்கள்? ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அவர்கள் அதை உதவியாகத்தான் செய்கிறார்கள். ஆனால் மொழி பழக வந்தவருக்கு அங்கேயே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. அதற்குப் பதிலாக "தாஸ் ஹாபெ இஷ் அகூஸ்டிஷ் நிஷ்ட் ஃபெர்ஷ்டாண்டன்" என்று சொல்லச் சொன்னார் ஆசிரியை. ஒலி என் காதை எட்டவில்லை, சிக்கல் என் ஜெர்மனில் இல்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது. ஜெர்மானியர்களே தங்களுக்குள் அன்றாடம் பயன்படுத்தும் வாக்கியம் என்பதால், எதிரில் இருப்பவர் மொழியை மாற்றுவதில்லை. அதே வாக்கியத்தைச் சற்று நிறுத்தி, தெளிவாக, மறுபடி சொல்கிறார். பொருள் புரியாதபோது இது உதவாது, ஏனென்றால் அதே தெரியாத சொல் மறுபடி வந்து விழும். அப்போது அந்தச் சொல்லைப் பிடித்து "வாஸ் மைனன் ஸீ மிட்...?", "... என்று எதைச் சொல்கிறீர்கள்?", என்று கேட்டால், எதிரில் இருப்பவர் வேறு சொற்களில் விளக்குவார். எந்தக் கேள்வி எந்த விதமான பதிலைக் கொண்டுவரும் என்பதை இவ்வளவு தெளிவாக நான் படித்த எந்தப் பாடநூலும் சொன்னதில்லை.

பயிற்சி நடக்கும் விதத்துக்கு ரொட்டிக் கடை மாலையைச் சொல்கிறேன். ஆசிரியை ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, கையில் காகிதப் பையை வைத்துக் கசக்கிக்கொண்டே, முகத்தை எங்கள் பக்கம் திருப்பாமல், கடைப் பெண்கள் பேசும் அதே விரைவில், பாதியை விழுங்கி, "அம் ஷ்ட்யூக் ஓடர் கெஷ்னிட்டன்?" என்றார். ரொட்டி முழுசாக வேண்டுமா, துண்டு போட்டு வேண்டுமா என்பது கேள்வி. வரிசையில் முதலில் நின்ற பிரேசில்காரர் "யா" என்றார். இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டிய கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்ததும், ஆசிரியை பையைக் கீழே வைத்துவிட்டு, கைகட்டிப் புன்னகையோடு காத்திருந்தார். அடுத்தவர் "வீ பிட்டே?" என்றார், அதே வேகத்தில் அதே வாக்கியம் மறுபடி வந்தது, அவருக்கு மறுபடியும் பிடிபடவில்லை. மூன்றாவதாக வந்த உக்ரைன் பெண்ணுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்திருந்தது. "அம் ஷ்ட்யூக் ஓடர்...?" என்று இழுத்து நிறுத்தினார். "கெஷ்னிட்டன்" என்று ஒரே சொல்லில், தெளிவாக, பதில் வந்துவிட்டது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லி, விடுபட்ட இடத்தைக் காலியாக விட்டுக் குரலை நிறுத்துவதுதான் வித்தை. இதற்கு இலக்கணம் வேண்டாம், சொல்வளம் வேண்டாம், வாக்கியத்தை முடிக்கக்கூட வேண்டாம். "டேர் டெர்மீன் இஸ்ட் வான்?" (சந்திப்பு எப்போது?), "மிட் வேம்?" (யாரோடு?), "பிஸ் வான்?" (எப்போது வரை?) என்று இதன் வகைகளை அடுத்தடுத்த வாரங்களில் அஞ்சலகம், வாடகை வீடு, ரயில் நிலையம் என்று இடம் மாற்றிப் பழக்கினார். ரயில் நிலையப் பயிற்சிக்காக, தகவல் மேசையில் பேசுவது போன்ற தன் சொந்தக் குரலைப் பின்னணி இரைச்சலோடு பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். அந்த உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும்.

புரிந்துகொண்டதை முன்வைத்துச் சரிபார்க்கும் மூன்றாம் வகைக் கேள்விக்கு அவர் எடுத்துக்கொண்ட களம் மருத்துவரின் அலுவலகம். இரத்தப் பரிசோதனைக்கு "பிட்டே ந்யுஷ்டெர்ன் கோமன்" என்பார்கள். வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று பொருள். அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்திருப்பவருக்கும் ஐயம் தீராது. தண்ணீர் குடிக்கலாமா, காலை மாத்திரையைப் போடலாமா, முந்தைய இரவு எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும்? "ஹைஸ்ட் தாஸ், இஷ் டார்ஃப் ஆவுக் கைன் வாஸர் ட்ரிங்கன்?", அப்படியென்றால் தண்ணீரும் குடிக்கக் கூடாதா, என்று ஒரு முடிவை நாமே சொல்லிக் கேட்டால், "இல்லை இல்லை, தண்ணீர் குடிக்கலாம், காப்பிதான் கூடாது" என்று குறிப்பான பதில் கிடைக்கும். நாம் சொன்னது தவறாக இருந்தாலும் பதில் சரியாக வந்துவிடுகிறது என்பதுதான் இந்த வகையின் அழகு. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சும் மாணவர்கள் இதைப் பழகுவதற்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாலை மட்டும் வீணாயிற்று என்று சொல்வேன். பணிவான வாக்கியங்கள் என்ற பெயரில், "வேரன் ஸீ ஸோ ஃப்ராய்ன்ட்லிஷ்", தயைகூர்ந்து, என்று தொடங்கி மூச்சு வாங்கும் அளவுக்கு நீளும் கோரிக்கைகளை எழுதவைத்து, வினைச்சொற்களின் வடிவங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கடை வரிசையில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் கால் மாற்றி நிற்கத் தொடங்கிவிடுவார். "கோன்டன் ஸீ தாஸ் பிட்டே நோக்மால் ஸாகன்?", அதை இன்னொரு முறை சொல்ல முடியுமா, என்ற ஒன்று எல்லா இடத்துக்கும் போதும், நெருங்கியவர்களிடம் அதையே "ட்டூ", அதாவது "நீ", என்ற முன்னிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். நீண்ட பணிவு மொழி கடிதத்துக்கு உரியது. பாடத்திட்டத்தில் யாரோ சேர்க்கச் சொன்னதால் சேர்த்தது போல அது துருத்திக்கொண்டு நின்றது.

நேரமும் நாளும் பற்றிய மாலையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். "ஹால்ப் ஆக்ட்" என்றால் ஏழரை மணி என்பதை முதல் மாதத்திலேயே எல்லாரும் கற்றுவிடுகிறோம். இந்தப் பகுதியிலும் நாட்டின் கிழக்கிலும் "ஃபியர்டல் ஆக்ட்" என்றும் சொல்வார்கள், அது ஏழேகால். "ட்ரைஃபியர்டல் ஆக்ட்" ஏழேமுக்கால். வடக்கிலிருந்து இங்கே குடிவந்த ஜெர்மானியர்களே இதைக் கேட்டுத் தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பில் பெருமூச்சு எழுந்தது. "நெக்ஸ்டன் ஃப்ரைடாக்" என்பது வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதிலும் ஜெர்மானியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. "இன் ஆக்ட் டாகன்", எட்டு நாளில், என்பது ஒரு வாரத்தைக் குறிக்கும். எண்களில் 57 என்பதை ஏழும் ஐம்பதும் என்று ஒன்றின் இடத்தை முன்னால் சொல்வதால் வீட்டு எண்ணும் தொகையும் தலைகீழாகும் ஆபத்தும் உண்டு. இத்தனைக்கும் அவர் கொடுத்த மருந்து ஒன்றே: சொன்னதை வேறு வடிவத்துக்கு மாற்றித் திருப்பிக் கேளுங்கள். "ஃபியர்டல் ஆக்ட்" என்று கேட்டதும் "ஆல்ஸோ ஸீபன் ஊர் ஃப்யூன்ஃப்ஸேன்?", அதாவது ஏழு மணி பதினைந்தா, என்று கடிகார எண்ணில் சரிபார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் "மைனன் ஸீ டென் ஃப்யூன்ஃப்டன் ஓடர் டென் ஸ்வோல்ஃப்டன்?", ஐந்தாம் தேதியா பன்னிரண்டாம் தேதியா, என்று தேதியைக் கேட்க வேண்டும். ஐம்பத்தேழு என்றால் "ஃப்யூன்ஃப், ஸீபன்?", ஐந்து, ஏழு, என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிப்பார்க்க வேண்டும். அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் குழப்பம் அப்படியே இருக்கும், வடிவத்தை மாற்றினால்தான் பிழை வெளியே தெரியும் என்பதைப் பலகையில் எழுதாமல், தவறான சந்திப்பு நேரங்களை எங்களிடமே உண்டாக்கிக் காட்டிப் புரியவைத்தார்.

வட்டார வழக்குக்கு அவர் ஒரே ஒரு மாலையைத்தான் ஒதுக்கியிருந்தார். ஷ்வேபிஷ் வழக்கு பேசப்படும் ஊரில் இது மிகக் குறைவு. பாடநூல் ஜெர்மனில் "ஹேபன்" என்றால் தூக்குவது, இங்கே பிடித்துக்கொள்வது. "ஃபூஸ்" என்பது பாதம் என்று படித்துவிட்டு வருகிறோம், இங்கே வயதானவர்கள் பாதம் முதல் தொடை வரை கால் முழுவதையும் அப்படிச் சொல்வார்கள். "டெப்பிஷ்" தரைவிரிப்பு என்று நாம் நினைத்திருக்க, பாட்டிமார் போர்த்திக்கொள்ளக் கம்பளி கேட்கிறார்கள். எங்களோடு படித்த தூத்துக்குடிப் பெண் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறார். ஃபூஸ் வலிக்கிறது என்று சொல்லும் மூதாட்டியிடம் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், வலி முழங்காலுக்கு மேலே இருக்கக்கூடும் என்பது அவருடைய பணியில் சின்ன விஷயமில்லை. "வோ கெனாவ்? ஸைகன் ஸீ மியர் பிட்டே", சரியாக எங்கே, காட்டுங்கள், என்ற கேள்வியை ஆசிரியை அவருக்கென்றே பழக்கினார். செவிலியர் பதிவுக்குப் பொதுவாக பி2 சான்றிதழ் வேண்டும். அதைக் கையில் வைத்திருப்பவருக்கும் ஏ2 முதல் பி1 வரை என்று விளம்பரப்படுத்தப்பட்ட இந்த வகுப்பு தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வட்டார வழக்குக்கு இன்னும் இரண்டு மாலைகள் கொடுத்திருந்தால் என் மதிப்பீடு இன்னும் உயர்ந்திருக்கும். பணிவு வாக்கியங்களின் மாலையை எடுத்து இதற்குக் கொடுத்தாலே பாதிக் குறை தீரும்.

தொலைபேசிப் பகுதிக்கு வருகிறேன். கையசைவும் உதட்டசைவும் காகிதமும் இல்லாத அந்தப் பேச்சில்தான் திரும்பக் கேட்பது கடினமாகிறது. அதற்கு ஒதுக்கப்பட்டது கடைசி வகுப்பின் பிற்பாதி மட்டும். எழுத்துக்களை ஊர்ப்பெயர்களால் சொல்லும் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள்: ஏ என்றால் ஆகன், பி என்றால் பெர்லின், என் என்றால் ந்யூர்ன்பெர்க். டின் 5009 என்ற ஜெர்மன் தேசியத் தரநிலை 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது வந்த பட்டியல் இது. ஆனால் தொலைபேசியில் மறுமுனையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் பழைய பட்டியலையே சொல்கிறார்கள்: ஆன்டோன், பெர்ட்டா, நோர்ட்போல். 1934ஆம் ஆண்டு நாஜி ஆட்சியில் யூதப் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது நாத்தான் இருந்த இடத்தில் நுழைந்த நோர்ட்போல், போருக்குப் பிறகும் வெளியேறவில்லை. அதை மாற்றவே புதிய பட்டியல் வந்தது, நோக்கம் நல்லது. இருந்தாலும் நாம் சொல்வதற்குப் புதியதும், கேட்டுப் புரிந்துகொள்வதற்குப் பழையதும் வேண்டும். வகுப்பில் பழையது கிடைக்கவில்லை. தந்தை பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டு, பதினைந்து எழுத்துக்குக் குறையாமல் கடவுச்சீட்டில் வைத்திருக்கும் நம்மவர்கள் இந்தக் குறையை மற்றவர்களைவிட அதிகம் உணர்வார்கள்.

தொலைபேசியில் மூன்றோடு குழம்பாமலிருக்க இரண்டை "ஸ்வோ" என்று சொல்வார்கள். ஜூன், ஜூலை இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் "யூனோ", "யூலாய்" என்று மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. இவற்றை ஆசிரியை போகிற போக்கில் சொன்னார். பயிற்சி ஏதும் இல்லை. இருவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்து முகவரியும் காப்பீட்டு எண்ணும் பரிமாறிக்கொள்ளும் எளிய விளையாட்டை வைத்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும்.

அறை வசதி, அச்சிட்ட தாள்கள், நேர ஒழுங்கு ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மக்கள் கல்விக்கு உள்ளாட்சிகள் துணைநிற்க வேண்டும் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்திலேயே பெயர் சொல்லி இடம்பெற்ற கல்வி நிலையங்கள் இவை. ஆடம்பரம் இல்லாவிட்டாலும் வேலை ஒழுங்காக நடக்கிறது. மாணவர்களின் நிலைதான் கலப்படமாக இருந்தது. ஏ2 தாண்டாத இருவர் ரொட்டிக் கடை மாலையில் மகிழ்ந்து, மருத்துவர் மாலையில் தொலைந்துபோனார்கள். சேர்க்கையின்போது ஒரு சிறு பேச்சுச் சோதனை வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

ஜெர்மனிக்கு வந்து ஓராண்டாவது ஆகி, வாக்கியங்கள் சொல்லத் தெரிந்தும் பதில்கள் பிடிபடாமல் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்கு வந்திருக்கும் செவிலியர்கள், சான்றிதழ் நிலையைப் பார்த்து இது தங்களுக்குக் கீழ்ப்பட்டது என்று ஒதுக்கிவிட வேண்டாம். இப்போதுதான் ஏ1 முடித்தவர்கள் ஒரு பருவம் பொறுத்திருப்பது நல்லது. தொலைபேசியில் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வகுப்பு மட்டும் போதாது. இலையுதிர்ப் பருவத்துக்கான பதிவு கோடையிலேயே தொடங்கி விரைவில் நிரம்பிவிடுகிறது; பதியும் முன் அலுவலகத்தில் கேட்டு, தொலைபேசிப் பயிற்சிக்கு இம்முறை எத்தனை மாலைகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.